பிழை எழுதுற கொப்பி

கொத்தணி என்ற சொல் எங்கட சனத்துக்குப் பரவலாகத் தெரிய வந்தது 2020இல்தான். மினுவாங்கொடைக் கொத்தணி, பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி என்று ஒவ்வொரு நாளும் செய்தியில் வாசிப்பார்கள். ஒரு இடத்தில் ஒருவருக்கு வந்தால் பக்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் வரும் என்பதுதான் அந்தச் சொல்லில் இருந்து ஆக்கள் விளங்கிக்கொண்டது. அதனால், இரண்டு வருடம் கழித்து வடமராட்சியில் ஒரு கிராமத்தில், பனையோலைப் பொருட்கள் செய்கிற பெண்களின் கூட்டத்தில் "உங்களை ஒரு கைத்தொழில் கொத்தணியா முன்னேற்றப்போறம்" என்று திட்ட அலுவலர் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா "ஐயோ, திரும்பவுமோ?" என்று கேட்டா. எல்லாரும் சிரித்தோம்.

அந்த அம்மா விளங்கிக்கொண்டதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. சிறு தொழில்களின் கொத்தணியிலும் நடப்பது அதுதான். ஒருவருக்கு வருவது எல்லாருக்கும் வரும், நல்லது என்றாலும் கெட்டது என்றாலும். 1890இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் அல்பிரட் மார்ஷல் இதைப் பற்றி எழுதினார். ஒரே தொழிலைச் செய்கிற பலர் ஒரே ஊரில் இருந்தால் தொழிலின் நுணுக்கம் ரகசியமாக இருக்காது, பிள்ளைகள் பார்த்தே பழகிவிடுவார்கள், மூலப்பொருள் விற்கிறவனும் அங்கேயே வந்துவிடுவான் என்பது அவர் சொன்னதன் சாரம். நூறு வருடம் கழித்து, 1990இல், மைக்கல் போர்ட்டர் அதையே நாடுகளின் போட்டித்திறனுக்கு விளக்கமாக்கினார். அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க நன்கொடையாளர் திட்டங்களில் இந்தச் சொல் ஏறியது. அப்படி ஏறி, வடமராட்சிக்கும் வந்து சேர்ந்தது.

அந்தத் திட்டத்தில் நான் ஒன்றரை வருடம் கள இணைப்பாளராக வேலை செய்தேன். பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்தவள் என்பதால் செயலாற்றுகை முகாமைத்துவம், தொடர்ச்சியான முன்னேற்றம் என்ற பகுதிகள் என் பொறுப்பு. நான் எழுதுவது அந்த இரண்டு பெரிய சொற்களும் 16 வீட்டுத் திண்ணைகளில் என்னவாகின என்பதைப் பற்றி.

முதலில் அந்தத் தொழிலைச் சொல்ல வேண்டும். குருத்தோலை வெட்டி வரும். அதைக் காயவிட்டு, ஈர்க்கு எடுத்து, ஒரே அகலத்தில் வார வேண்டும். நிறம் வேண்டுமென்றால் சாயம் போட்டு அவித்து நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு இழைப்பது, கடைசியில் விளிம்பு பொத்துவது. முந்தி ஒரு வீட்டிலேயே இவ்வளவும் நடந்தது. கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, பாய் எல்லாம் ஊருக்குள்ளேயே விலைப்பட்டன. பிளாஸ்ரிக் வந்ததோடு அந்தச் சந்தை போய்விட்டது. இப்போது கேட்கிறது கொழும்புக் கடைகளும் வெளிநாட்டில் இருந்து வருகிற எங்கட ஆக்களும்தான். மூடி போட்ட நிறப் பெட்டிகள், கைப்பைகள், மேசை விரிப்புகள். இந்தப் பொருட்களுக்கு ஓடர் பெரிதாக வருவதால் வேலையையும் பிரித்துவிட்டார்கள். ஒரு வீடு ஓலை வாரும், இரண்டு வீடு சாயம் போடும், ஆறேழு வீடு பெட்டி இழைக்கும், இன்னும் சில வீடு மூடி இழைக்கும். ஆரும் கொத்தணி என்று பெயர் வைக்க முந்தியே அவர்கள் கொத்தணியாகத்தான் இருந்தார்கள்.

திட்டம் வந்ததும் படிவம் வந்தது. ஒவ்வொரு மாதமும் நிரப்ப வேண்டியவை: பயிற்சி பெற்றோர் தொகை, உற்பத்தி செய்த பொருட்களின் தொகை, விற்பனைப் பெறுமதி, அங்கத்தவர் வருமானம். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவேன். மாத முடிவில் அது யாழ்ப்பாணத்தில் இருக்கிற அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து கொழும்புக்கும், அதற்கு அங்காலும் போகும். ஊருக்குத் திரும்பி ஒருநாளும் வராது. ஒரு அக்கா ஒருநாள் கேட்டா, "பிள்ளை, ஒவ்வொரு மாசமும் எழுதிக்கொண்டு போறீர். உதைப் பாத்து ஆர் என்ன சொன்னவை?" என்று. நியாயமான கேள்வி. சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை, ஏனென்றால் எனக்கும் ஆரும் ஒன்றும் சொல்லவில்லை.

படிவத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் போனது. அதை இன்னும் ஏற்றுவதற்காக, மாதத்தில் கூடப் பெட்டி இழைக்கிறவருக்குப் பரிசு என்று அலுவலகம் அறிவித்தது. நல்ல மனத்தோடுதான் அறிவித்தார்கள். ஆனால் இரண்டு மாதத்துக்குள் ஊருக்குள் என்ன நடந்தது என்றால், சாயம் அவிக்கிற பக்குவத்தை ஒருவருக்கொருவர் சொல்லுவதை நிறுத்திவிட்டார்கள். நல்ல ஓலையை முதல் போய் எடுக்கிற போட்டி வந்தது. பின்னல் நெருக்கம் குறைந்தது. நெருக்கமாக இழைத்தால் நேரம் எடுக்கும், எண்ணிக்கை குறையும். சார்ள்ஸ் குட்ஹார்ட் என்ற பிரித்தானியப் பொருளியலாளர் 1975இல் முன்வைத்த ஒரு கருத்தை விரிவுரையில் படித்திருக்கிறேன். ஒரு அளவீட்டை இலக்காக்கினால் அது நல்ல அளவீடாக இருப்பதை நிறுத்திவிடும் என்று சுருக்கமாகச் சொல்லுவார்கள். அவர் எழுதியது வங்கிப் பணத்தைப் பற்றி. நான் பார்த்தது பனையோலைப் பெட்டியில்.

அந்த வருட மாரியில் ஒரு கொழும்புக் கடைக்கு அனுப்பிய பெட்டிகளில் பெரும்பகுதி திரும்பி வந்தது. மூடிகள் பெட்டிகளுக்குப் பொருந்தவில்லை. சிலது இறுகி நின்றது, சிலது கழன்று விழுந்தது. சிவப்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு சிவப்பு. சில பெட்டிகளின் உட்பக்கம் பூஞ்சணம் பிடித்திருந்தது. கடைக்காரர் தொலைபேசியில் ஒரு வசனம்தான் சொன்னார்: "உங்கட ஊர்ச் சாமான் இனி வேண்டாம்." அவர் ஒரு ஆளின் பெயரையும் சொல்லவில்லை, ஊரைத்தான் சொன்னார். வடிவாக இழைத்துக் கொடுத்தவருக்கும் அந்த மாதம் காசு இல்லை.

அடுத்து நடந்த கூட்டம் சண்டையாகத்தான் தொடங்கியது. பெட்டிக்காரர் மூடிக்காரரைச் சொன்னார்கள், மூடிக்காரர் பெட்டிக்காரரை. இரண்டு பேரும் சேர்ந்து சாயக்காரரைச் சொன்னார்கள். ஒரே ஊர், ஒன்றுக்குள் ஒன்று சொந்தம் வேறு. பழைய வேலிச் சண்டைகளும் நடுவில் வந்துபோயின.

இந்த இடத்தில்தான் எனக்குப் புத்தகங்களுக்கும் திண்ணைக்கும் உள்ள தூரம் தெரிந்தது. தொடர்ச்சியான முன்னேற்றம் பற்றிப் படித்தால் முதலில் வருவது ஜப்பான். மசாகி இமாய் 1986இல் 'கைசன்' என்ற பெயரில் எழுதிய புத்தகம்தான் அந்தச் சொல்லை வெளியுலகத்துக்குப் பரப்பியது. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ, ஒரு பிழை நடந்தால் ஐந்து தரம் "ஏன்?" என்று கேள் என்பார். இலங்கையிலும் இதற்கு நல்ல உதாரணம் இருக்கு. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டில் ஐந்து எஸ் முறையைத் தொடங்கி, கைசனோடு சேர்த்து வளர்த்தது. பிறகு ஜப்பானின் ஜெய்க்கா நிறுவனம் அந்த அனுபவத்தை ஆபிரிக்க நாட்டு வைத்தியசாலைகளுக்குக் கொண்டுபோனது. எங்கட அலுவலகச் சுவர்களில் ஐந்து எஸ் பலகை தொங்குகிறதற்கும், அலுமாரிகளில் பெயர் ஒட்டி இருக்கிறதற்கும் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கு.

ஆனால் டொயோட்டாவிலும் வைத்தியசாலையிலும் ஒரு கூரை இருக்கு. பணிப்பாளர் ஒருவர் இருக்கிறார். நாளைக்கு இருந்து இப்படிச் செய்யுங்கோ என்று சொல்ல ஆள் இருக்கு. கொத்தணியில் அப்படி ஆரும் இல்லை. 16 வீடு, 16 அடுப்படி, ஒருவருக்கு மேல் ஒருவருக்கு அதிகாரம் இல்லை. அளவீடு என்ற பெயரில் நீங்கள் செய்வது எதுவாக இருந்தாலும் அது சமமான ஆக்களுக்கு இடையில் ஒரு உடன்பாடாகத்தான் இருக்க முடியும். அந்த உடன்பாட்டை வெளியில் இருந்து கொண்டுவந்து கொடுக்க ஏலாது.

அன்றைக்குக் கூட்டம் கலைகிற நேரம், வயதில் மூத்த ஒரு அக்கா பிள்ளையின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்துவந்து, "இனித் திரும்பி வாற சாமானையும், நாங்களே கழிச்சு வைக்கிறதையும் இதில எழுதுவம்" என்றா. ஆர் செய்தது என்று பெயரும் போடுவோமா என்று ஒருவர் கேட்டார். அதற்கு அவ சொன்னதை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்:

"ஆரெண்டு எழுதினா நாளைக்கு ஒருத்தரும் உண்மை சொல்லாயினம். என்ன பிழை, ஏன் வந்தது, அவ்வளவும் போதும்."

பிழை எழுதுற கொப்பி என்று அதற்குப் பெயர் வந்தது அப்படித்தான். மூன்று நிரல்: திகதி, என்ன பிழை, ஏன். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சனிக்கிழமை பின்னேரம் சேர்ந்து இருந்து வாசிப்பார்கள். இரண்டு மாதம் முடிய எண்ணிப் பார்த்தால் பாதிக்கும் மேல் மூடிப் பிழை. அதற்கு அடுத்தது சாயம். மூன்றாவது பூஞ்சணம். மற்றதெல்லாம் சில்லறை.

மூடி ஏன் பொருந்தவில்லை? பெட்டியும் மூடியும் வேறு வேறு வீட்டில் இழைக்கப்பட்டதால். வேறு வீட்டில் இழைத்தால் ஏன் பொருந்தாது? ஒவ்வொருவரும் தங்கட சாணால் அளந்ததால். ஒரு வீட்டிலேயே பெட்டியையும் மூடியையும் இழைத்த காலத்தில் சாண் அளவு பிழைக்கவில்லை, இரண்டையும் அளந்தது ஒரே கை. வேலையைப் பிரித்த பிறகும் அளவு கையிலேயே நின்றுவிட்டது. காரணம் இவ்வளவுதான், ஆரின்ர கவனக்குறைவும் இல்லை. ஊர்த் தச்சரிடம் சொல்லி மூன்று அளவில் மரக்கட்டை செய்வித்தார்கள், பெட்டிக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று என்று சோடியாக. கட்டையைச் சுற்றி இழைத்தால் அளவு மாற இடமில்லை.

சாயத்துக்கு வந்த "ஏன்" இன்னும் சுவாரசியமானது. சாயம் ஒரே கடையில் வாங்கியது, அளவும் ஒன்று. ஆனால் இரண்டு வீட்டுக் கிணற்றுத் தண்ணியும் ஒன்றில்லை. ஒரு கிணறு நல்ல தண்ணி, மற்றது உவர். அதோடு அலுமினியச் சட்டியில் ஒருவர், பழைய இரும்புத் தாச்சியில் ஒருவர். எது எவ்வளவு மாற்றியது என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஒரு ஓடருக்கு வேண்டிய ஓலை முழுவதையும் ஒரே நாளில், ஒரே கிணற்றுத் தண்ணியில், ஒரே பாத்திரத்தில் அவிப்பது என்று முடிவாகியது. பூஞ்சணத்துக்கு, ஐப்பசி மழை தொடங்க முந்தி ஓலையைக் காயவைத்துச் சேர்த்துவிடுவது, மாரியில் இழைத்ததை உடனே கட்டி மூடாமல் காற்றாட விடுவது. கண்டுபிடிப்பு என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அவர்களுடைய அம்மம்மாமாருக்கு இதெல்லாம் தெரியும். ஓடர் நெருக்கத்தில் விடுபட்டுப் போன பழக்கம், கொப்பியில் எழுதினதால் திரும்பி வந்தது.

ஹியூபர்ட் ஷ்மிட்ஸ் என்ற ஆய்வாளர் கொத்தணிகளைப் பற்றி எழுதும்போது 'கூட்டு வினைத்திறன்' என்று ஒரு கருத்தைச் சொல்லுகிறார். பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தானாகக் கிடைக்கிற நன்மை ஒரு பாதி. ஒன்றாகச் சேர்ந்து வேண்டுமென்று செய்கிற வேலையால் கிடைப்பது மற்றப் பாதி. முதலாவதை மட்டும் நம்பி இருக்கிற கொத்தணி, ஒரு அடி விழுந்தால் எழும்பாது. பாகிஸ்தானின் சியால்கோட் இதற்கு அடிக்கடி சொல்லப்படுகிற உதாரணம். சத்திரசிகிச்சைக் கருவிகள் செய்கிற நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் உள்ள நகரம். 1994இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் தரக் குறைபாட்டைக் காரணம் காட்டி அங்கிருந்து வருகிற கருவிகளைக் கட்டுப்படுத்தியது. நல்லது செய்தவர், கெட்டது செய்தவர் எல்லாருக்கும் ஒரே அடி. உற்பத்தியாளர் சங்கமும் அரசாங்கமும் சேர்ந்து தரப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்து, பல நிறுவனங்கள் தரச் சான்று பெற்று, திரும்பவும் அந்தச் சந்தைக்குப் போனார்கள். தனியத் தனிய நின்றிருந்தால் அது நடந்திராது.

மறுபக்க உதாரணம் தமிழ்நாட்டின் திருப்பூர். பின்னலாடை ஏற்றுமதியில் பெயர் எடுத்த கொத்தணி. ஏற்றுமதிப் பெறுமதியை வருடா வருடம் எண்ணினார்கள். சாயத் தண்ணி நொய்யல் ஆற்றில் போய் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதை, தொழிலின் செயலாற்றுகையாக நெடுங்காலம் ஆரும் எண்ணவில்லை. கீழ்ப்பக்கத்து விவசாயிகள்தான் அதை எண்ணி நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயத் தொழிற்சாலைகளை மூட உத்தரவிட்டது. எதை எண்ணவில்லையோ அதுதான் கடைசியில் கதவை மூடியது. எங்கட 16 வீடும் சாயம் அவித்த தண்ணியை எங்கே ஊற்றுகிறது என்பதும் அந்தக் கொப்பிக்கு வர வேண்டிய கேள்விதான். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆறு இல்லை, நிலத்தடித் தண்ணி மட்டும்தான். அந்தக் கேள்வி நான் நின்ற காலத்தில் கூட்டத்துக்கு வந்தது, முடிவு வரவில்லை.

கொப்பி நல்லதைச் செய்தது என்று இதோடு முடித்தால் அது திட்ட அறிக்கையின் வெற்றிக் கதை மாதிரி ஆகிவிடும். ஒரு விசயம் மிச்சம் இருக்கு. திரும்பி வருகிற சாமான் குறைந்தது, கடைக்காரர் திரும்ப ஓடர் தந்தார், ஆனால் ஒரு பெட்டிக்கு அவர் கொடுக்கிற விலை அதே விலைதான். கட்டையில் அளந்து, நெருக்கமாக இழைத்து, காற்றாட வைத்து எடுக்கிறதுக்கு முந்தியைவிட நேரம் கூடப் போகுது. முன்னேற்றம் நடந்தது பெண்களின் திண்ணையில், லாபம் நின்றது கடைக்காரரின் மேசையில்.

அதைக் கண்டுபிடித்ததும் கொப்பிதான். ஒரு தங்கச்சி, ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் நின்றவ, நாலாவது நிரல் ஒன்றைக் கோடு போட்டா: எத்தனை மணித்தியாலம். ஒரு மாதம் எல்லாரும் எழுதினார்கள். மணித்தியாலத்தை விலையோடு வகுத்துப் பார்த்தபோது கூட்டம் அமைதியாகிவிட்டது. வெங்காயத் தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் போனால் இதைவிடக் கூடக் கிடைக்கும். இதைத் திட்டப் படிவம் ஒருநாளும் காட்டியிராது, ஏனென்றால் அதில் வருமானத்துக்குப் பெட்டி இருந்தது, நேரத்துக்குப் பெட்டி இருக்கவில்லை. பெண்கள் வீட்டில் இருந்து செய்கிற வேலையின் நேரத்தை எண்ணாமல் விடுவது எங்கட சமூகத்துக்குப் புதிதும் இல்லை. பனைத் தொழிலைச் சாதியோடு சேர்த்துக் கீழாகப் பார்க்கிற கண்ணும் இன்னும் போகவில்லை. "ஓலைதானே, சும்மா இருக்கிற நேரத்தில இழைக்கிறதுதானே" என்கிற பேச்சுக்குப் பின்னால் இரண்டும் இருக்கு.

அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நாலு பேர் கொழும்புக்குப் போனார்கள். நானும் போனேன், ஆனால் கதைத்தது அவர்கள். கடைக்காரர் இரண்டு பொருளுக்கு விலை கூட்டினார். மூன்றாவதுக்கு, சின்ன மூடிப்பெட்டிக்கு, முடியாது என்றார். வீட்டுக்கு வந்து யோசித்துவிட்டு அந்தச் சின்னப் பெட்டியை இழைப்பதையே நிறுத்திவிட்டார்கள். எங்கட அலுவலக அறிக்கையில் அந்தக் காலாண்டுக்கு "உற்பத்தி வீழ்ச்சி" என்று பதியப்பட்டது. அவர்களின் கொப்பியில் அது அந்த வருடத்தின் நல்ல முடிவு.

திட்டம் முடிந்தது. படிவங்கள் நின்றன, நானும் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். போன வருடம் விசாரித்தபோது 16 வீட்டில் 11 வீடுதான் தொழிலில் நிற்கிறது. நிரல் போட்ட தங்கச்சி ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டா. மாதம் முடிய நிச்சயமாகச் சம்பளம் வருகிற வேலை அது, அவவைக் குறை சொல்ல ஆருக்கும் உரிமை இல்லை. கூட்டம் மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் கொப்பி மூன்றாவது கொப்பியாகி ஓடுது.

இதை வாசிக்கிற உங்களில் கனபேர் அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ, நிறுவனங்களில் களப் பணியாளராகவோ போவீர்கள். கையில் ஒரு படிவம் தருவார்கள். அதை நிரப்பத்தான் வேண்டும், வேலை அதுதான். ஆனால் முதல் நாளே சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கோ. இந்தப் படிவத்தின் ஒரு பிரதி ஊரில் ஆரின்ர வீட்டில் நிற்கும்? இதில் பிழையை எழுத இடம் இருக்கா, எழுதுகிறவருக்குத் தண்டனை இல்லாமல்? நேரம் எண்ணப்படுகிறதா? எண்ணி வருகிற நன்மை ஆரின்ர கைக்குப் போகும்? இந்தக் கேள்விகளுக்கு அலுவலகத்தில் பதில் கிடைக்காவிட்டால், ஒரு பழைய கொப்பி வாங்கிக்கொண்டு திண்ணையில் போய் இருங்கோ. கோடு போடுவது எப்படி என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.